புதிய குழுத்தளம் திறக்க அனுமதி முறை: கிளிநொச்சி அலுவலகத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் தலைமை அலுவலகமும் முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் கிளைகளும் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தில் கணினி வேலைகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மைக்ரோசொப்ட் 365 பாவிக்கிறோம். அதில் ஒரு வேலையைச் செய்பவர்கள் சேர்ந்து பேசவும் கோப்பு பகிரவும் உள்ள செயலிதான் டீம்ஸ். டீம்ஸில் புதிய குழு திறக்க ஒரு அனுமதி முறையை வைத்த பிறகு, வேறு நிறுவனங்களில் இதே வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் போன் எடுத்து விபரம் கேட்கிறார்கள். எங்கள் கள உத்தியோகத்தர்களுக்கும் கேள்விகள் இருக்கின்றன. இரண்டு பக்கத்தையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

குழுத்தளம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

டீம்ஸில் ஒருவர் புதிய குழு திறந்தால், பேசுவதற்கு ஒரு இடம் மட்டும் வருவதில்லை. பின்னால் ஒரு மைக்ரோசொப்ட் 365 குழு, கோப்புகள் வைக்க ஒரு ஷெயார்பொயின்ட் தளம், பொது மின்னஞ்சல் பெட்டி, குறிப்பேடு எல்லாம் சேர்ந்தே உருவாகின்றன. காணி கேட்டவருக்கு வீடும் கிணறும் வேலியும் சேர்த்து எழுதிக் கொடுத்த மாதிரி. இந்த முழுத் தொகுதியையும்தான் குழுத்தளம் என்கிறேன்.

ஆட்கள் தங்களுக்குத் தேவையானதைத் தாங்களே திறந்தால் என்ன? அனுமதி எதற்கு?

மைக்ரோசொப்ட் இதை இயல்பாக எல்லாருக்கும் திறந்தே விட்டிருக்கிறது. சாதாரண பயனர் ஒருவர் 250 குழுக்கள் வரை உருவாக்கலாம். நாங்களும் முதலில் அப்படியே விட்டோம். அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன்.

புதுக்குடியிருப்பில் ஒரு வாழ்வாதாரத் திட்டம் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு, கொடையாளரின் கணக்காய்வாளர் வந்து தையல் பயிற்சியின் வரவுப் பதிவேட்டைக் கேட்டார். டீம்ஸில் தேடினேன். "பீ.ரி.கே. லைவ்லிஹுட்" என்று ஒன்று. "புதுக்குடியிருப்பு வாழ்வாதாரம்" என்று ஒன்று. "லைவ்லிஹுட் 2". "வாழ்வாதாரம் புதிது". நான்கும் ஒரே திட்டத்துக்கு, வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு மாதங்களில் திறந்தவை. இரண்டின் உரிமையாளர் வேலையை விட்டுக் கனடா போய்விட்டார், கணக்கும் மூடியாகிவிட்டது. ஒன்றரை நாள் தேடி, நாலாவதில் பதிவேட்டைக் கண்டுபிடித்தேன்.

தேடும்போது மூன்றாவதில் கண்டதுதான் என்னை அன்றிரவு நித்திரை கொள்ள விடவில்லை. பயனாளிகளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், கணவர் காணாமல் போனவரா இறந்தவரா என்ற விபரம், எல்லாம் ஒரே எக்செல் கோப்பில் இருந்தது. அதே குழுவில், எப்போதோ மதிப்பீட்டு வேலைக்கு வந்து போன வெளி நிறுவனத்து ஆட்கள் இருவர் இன்னும் விருந்தினராக இருந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பார்ப்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இரணைமடுவின் கீழ் சிறுபோகம் செய்ய, குளத்தில் கிடக்கிற தண்ணீரைப் பார்த்து எத்தனை ஏக்கர் என்று கூட்டம் வைத்துத் தீர்மானிக்கிறார்கள். எந்த வாய்க்காலில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு எழுத்தில் இருக்கும். பிறகு தகராறு வந்தாலும் அந்தக் கணக்கை எடுத்து வைத்துப் பேசலாம். குழுத்தளங்களுக்கும் எனக்கு வேண்டியது அந்த மாதிரி ஒரு கணக்கு: இது எதற்கு, யார் பொறுப்பு, எப்போது முடியும். அனுமதி கேட்கும் நேரத்தில் இந்த மூன்றையும் எழுதி வாங்கிவிடலாம். பிறகு வாங்குவது மிகவும் கஷ்டம்.

எதற்கெல்லாம் அனுமதி கேட்கத் தேவையில்லை?

ஒரு வேலைக்காக நாலைந்து பேர் சேர்ந்து அரட்டைக் குழு வைத்துக்கொள்வதற்குத் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள குழுவுக்குள் புதிய சனல் (ஒரு தலைப்புக்கான தனிப் பகுதி) திறப்பது அந்தக் குழுவின் உரிமையாளர் பாடு. முழுப் புதிய குழுவுக்கு மட்டும்தான் படிவம்.

அரட்டையில் ஒரு விஷயத்தை மட்டும் எல்லாருக்கும் சொல்லிவைக்கிறேன். அங்கே போடுகிற கோப்பு, போட்டவரின் ஒன்ட்ரைவில்தான், அதாவது அவருடைய சொந்தக் கோப்புச் சேமிப்பிடத்தில்தான், இருக்கும். அவர் வேலையை விட்டு அவருடைய கணக்கை நாங்கள் நீக்கினால், இயல்பான அமைப்பில் 30 நாள்தான் அந்த ஒன்ட்ரைவை வைத்திருக்கும். ஆகவே பயனாளிகள் பட்டியல், ஒப்பந்தம், ரசீது எதையும் அரட்டையில் போட்டுவிட்டு அது பத்திரமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

யார் அனுமதிக்க வேண்டும்? எத்தனை பேர்?

ஒருவர். அவருக்குப் பதிலாக இன்னொருவர். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, காரணம் இருக்கிறது.

நாங்கள் முதலில் வைத்த முறையில் நாலு படி இருந்தது. மாவட்ட இணைப்பாளர், திட்ட முகாமையாளர், நிதிப் பிரிவு, பணிப்பாளர். கடதாசியில் பார்க்க நன்றாக இருந்தது. மல்லாவியில் வேலை செய்யும் ஒரு கள உத்தியோகத்தர், மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கோழி வளர்ப்புத் திட்டத்துக்கு ஒரு குழு கேட்டிருந்தார். இணைப்பாளர் அன்றே அனுமதித்தார். திட்ட முகாமையாளர் இரண்டு நாள் எடுத்தார். நிதிப் பிரிவில் மாத முடிவு வேலை. பணிப்பாளர் கொழும்பில் கூட்டத்தில். எல்லாம் முடிய பதினொரு நாள். நான் சந்தோசமாகப் போன் எடுத்தேன். "தங்கச்சி, உங்கட குழு திறந்தாச்சு." மறுபக்கத்தில் கொஞ்சம் தயக்கம். "அண்ணை, நாங்கள் வட்ஸ்அப்பில தொடங்கிட்டமே. எல்லாரும் அதிலதான் இருக்கினம்."

அடுத்த கிழமை மல்லாவிக்குப் போனபோது போனைக் காட்டினார். மகனின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் படங்கள். ஒரு தடவை தள்ளினால் 23 குடும்பங்களின் அடையாள அட்டைகள், முன்பக்கமும் பின்பக்கமும். இன்னொரு தடவை தள்ளினால் வங்கிப் புத்தகங்களின் முதல் பக்கம், சிலவற்றில் புத்தகத்தைப் பிடித்திருக்கும் விரலும் சேர்ந்து. அப்புறம் திரும்பவும் மகன், பரிசுக் கோப்பையோடு. பின்னேரங்களில் மகன் கேம் விளையாடுவதும் அதே போனில்தான். அவரில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினொரு நாள் காக்க வைத்தது நாங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு விதி. முதலாவது, அந்தத் திட்டத்தை நேரே அறிந்த ஒருவர் மட்டும் அனுமதிப்பார். எங்களில் அது மாவட்ட இணைப்பாளர், அவர் இல்லாவிட்டால் திட்ட முகாமையாளர். இரண்டாவது, ஒரு வேலை நாளுக்குள் பதில். நிதிப் பிரிவுக்கும் பணிப்பாளருக்கும் தகவல் மட்டும் போகும். அவர்களுக்கு ஆட்சேபனை இருந்தால் பிறகு சொல்லலாம், அதுவரை வேலை நிற்காது.

கணினிப் பிரிவு அனுமதிக்கக் கூடாதா? உங்களிடமே அதிகாரம் இருக்கிறதே?

கூடாது என்றே நினைக்கிறேன். ஒட்டுசுட்டானில் அப்படி ஒரு திட்டம் உண்மையில் தொடங்கியிருக்கிறதா, அதற்குத் தனி இடம் தேவையா என்பது எனக்குத் தெரியாது. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இதே வேலைக்கு ஏற்கெனவே ஒரு குழு இருக்கிறதா. இருந்தால் விண்ணப்பித்தவருக்கும் அந்தக் குழுவின் உரிமையாளருக்கும் சேர்த்துச் செய்தி போடுவேன். பாதிப்பேர் அங்கேயே சேர்ந்துகொள்கிறார்கள்.

விண்ணப்பப் படிவத்தில் என்ன கேட்பது?

குறைவாகக் கேளுங்கள். கைத்தொலைபேசியில், பஸ்ஸில் வரும்போது நிரப்பி முடிக்கக்கூடிய அளவு. எங்களுடையதில் இவை இருக்கின்றன: என்ன வேலைக்கு, எந்த மாவட்டம், உரிமையாளர் இருவர், எப்போது முடியும், பயனாளிகளின் தனிப்பட்ட விபரம் வைக்கப்படுமா, வெளியாட்கள் சேருவார்களா.

உரிமையாளர் இருவர் என்பதில் நான் இறங்கிப்போவதில்லை. ஒருவர் பிரசவ விடுமுறையில் போகலாம், வெளிநாடு போகலாம், அரசாங்க வேலை கிடைத்துப் போகலாம். எங்கள் பக்கத்தில் நல்ல பிள்ளைகளுக்கு நியமனக் கடிதம் வந்தால் ஒரு கிழமையில் போய்விடுவார்கள். சந்தோசமான விஷயம்தான், ஆனால் குழு அநாதையாகிவிடும். இரண்டாவது பெயர் இல்லாமல் வந்தால் படிவம் போகவே போகாது, அதைக் கட்டாயக் கேள்வியாக்கிவிட்டேன்.

முடியும் திகதி என்ற இடத்தில் ஆட்கள் தடுமாறுகிறார்கள். திட்ட ஒப்பந்தத்தில் உள்ள திகதியைப் போடச் சொல்லுங்கள். ஒப்பந்தமே இல்லாத நிரந்தர வேலை என்றால் அடுத்த வருட டிசெம்பர் 31.

தனிப்பட்ட விபரம் பற்றிய கேள்விக்கு "ஆம்" என்று வந்தால் அந்தக் குழு தனிக் கவனிப்புக்கு வரும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம், இனம், மதம் போன்ற விபரங்களையும் சிறுவர்களின் விபரங்களையும் விசேட வகைத் தரவு என்று பிரித்து வைத்திருக்கிறது. போரில் காலை இழந்தவருக்கு உதவி கொடுக்கிற ஒரு நிறுவனத்தின் பட்டியலில் இந்த விபரங்கள் இல்லாமல் இருக்காது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் கேட்பேன். அந்தச் சனம் எங்களை நம்பித் தந்த விபரம் அது.

குழுவுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை அறியாமல் நாங்கள் பல குழுக்களைக் கெடுத்துக்கொண்டோம்.

குழுவைத் திறக்கும்போதே தமிழ்ப் பெயர் கொடுத்தால், அதன் மின்னஞ்சல் முகவரிக்கும் தளத்தின் இணைய முகவரிக்கும் தமிழ் எழுத்தை எடுக்க முடியாமல், "எம்எஸ்டீம்ஸ்" என்று தொடங்கி அர்த்தமில்லாத எழுத்தும் இலக்கமும் சேர்ந்த ஒரு முகவரியைப் போட்டுவிடும். பிறகு யாராவது அந்த இணைப்பை அனுப்பினால் எது எந்தக் குழு என்று தெரியாது.

ஆகவே முதலில் ஆங்கில எழுத்தில் ஒரு சிறிய குறியீட்டோடு திறக்கிறோம்: மாவட்டம், திட்டத்தின் சுருக்கம், ஆண்டு. திறந்து முடிந்ததும் காட்சிப் பெயரைத் தமிழுக்கு மாற்றுகிறோம். இணைய முகவரி பழைய குறியீட்டோடு அப்படியே இருக்கும், ஆட்களின் கண்ணுக்கு "முல்லை: கோழி வளர்ப்பு 2025" என்று தெரியும். ஒரு நிமிட வேலை. கையாலேயே செய்கிறேன்.

இதைத் தானாக ஓடவைப்பது எப்படி? மென்பொருள் வாங்க வேண்டுமா?

வாங்கத் தேவையில்லை. மைக்ரோசொப்ட் 365 பிஸ்னஸ் பேசிக் உரிமத்தில், வேலைகளைத் தானாகச் செய்ய வைக்கிற பவர் ஒட்டோமேட் வருகிறது. அதுவே போதும், மற்றச் செயலிகளோடு தொடுக்கிற சாதாரண இணைப்பிகளை மட்டும் பாவித்தால்.

படிவம் ஃபோம்ஸில். யாராவது நிரப்பினால் ஓட்டம் (தானாக ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிற படிகள்) தொடங்கி, விபரத்தை லிஸ்ட்ஸ் என்ற பட்டியல் செயலியில் உள்ள பதிவேட்டில் ஒரு வரியாக எழுதும். பிறகு அனுமதிக் கோரிக்கை இணைப்பாளருக்கும் முகாமையாளருக்கும் போகும். டீம்ஸிலேயே வரும், மின்னஞ்சலிலும் வரும். யாராவது ஒருவர் "அனுமதி" அழுத்தினால் குழு உருவாகும், உரிமையாளர்கள் சேர்க்கப்படுவார்கள், பதிவேட்டில் நிலை மாறும், விண்ணப்பித்தவருக்குச் செய்தி போகும்.

கேட்க லேசாக இருக்கிறது. நான் இடறிய இடங்களைச் சொல்கிறேன்.

கோரிக்கை வகையைத் தெரிவுசெய்யும்போது "முதலில் பதிலளிப்பவர்" என்ற வகையை எடுங்கள். "எல்லாரும் அனுமதிக்க வேண்டும்" என்பதை எடுத்தால் ஒருவர் லீவில் போனாலும் எல்லாம் நிற்கும். நிற்கிற ஓட்டம் என்றைக்கும் காத்திருக்காது, 30 நாளில் அது செத்துவிடும். விண்ணப்பித்தவருக்கு ஒரு சொல்லும் போகாது.

ஓட்டத்தை உங்கள் சொந்தக் கணக்கில் கட்ட வேண்டாம். இணைப்புகள் யாருடைய கணக்கில் இருக்கின்றனவோ அவர் போனால் ஓட்டமும் போய்விடும். இதற்கென்று ஒரு சேவைக் கணக்கு, அதாவது எந்த ஆளுக்கும் சொந்தமில்லாத கணக்கு, வைத்து அதில் கட்டுங்கள். அந்தக் கணக்குத் திறக்கிற குழுக்களுக்கெல்லாம் அதுவே உரிமையாளராகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். உண்மையான உரிமையாளர் இருவரையும் சேர்த்த பிறகு அதை நீக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் பட்டியலில் எல்லாக் குழுவுக்கும் உரிமையாளர் இருக்கிற மாதிரித் தெரியும், ஆனால் அது ஆள் இல்லை.

குழுவை உருவாக்கு என்று சொன்ன அடுத்த நொடியில் உறுப்பினரைச் சேர்க்கப் போனால் பிழை வரும். குழு பின்னால் இன்னும் தயாராகிக்கொண்டிருக்கும். நடுவில் சில நிமிடத் தாமதம் ஒன்றைப் போடுங்கள். இந்தச் சின்ன விஷயத்துக்காக ஒரு முழுச் சனிக்கிழமையைச் செலவழித்தேன்.

அனுமதிக் கோரிக்கையை நிறுவனத்தில் முதன்முதலாக ஓடவிடும்போது பின்னணியில் ஒரு தரவுத்தளம் உருவாக வேண்டும், பத்து நிமிடம் வரை எடுக்கலாம். பயந்து நிறுத்திவிட வேண்டாம்.

அனுமதிக்க வேண்டியவர் களத்தில் நிற்கிறார், சிக்னல் இல்லை. அப்போது?

நெடுங்கேணிப் பக்கம் உள்ளே போனால் எனக்கே நடக்கும். அதற்குத்தான் காலக்கெடு. அனுமதிக் கோரிக்கைப் படியின் அமைப்பில் காத்திருக்கும் நேரத்தைக் குறிக்கலாம். ஒரு நாள் என்றால் "PT1D" என்று எழுதிவிடாமல் "P1D" என்று எழுத வேண்டும். நேரத்தையும் சேர்க்கும்போதுதான் நடுவில் "T" வரும். காலக்கெடு தாண்டினால் மட்டும் ஓடுகிற ஒரு கிளையை அடுத்த படியில் வைத்து, கோரிக்கையைப் பணிப்பாளரின் உதவியாளருக்குத் திருப்பியிருக்கிறோம். அவர் கிளிநொச்சி அலுவலகத்திலேயே இருப்பவர். தொலைபேசியில் இணைப்பாளரைக் கேட்டு, கேட்ட நேரத்தைக் குறிப்பில் எழுதி, அனுமதிப்பார்.

படிவம் நிரப்பாமல் ஆட்கள் நேரே திறப்பதை எப்படி நிறுத்துவது?

இதற்கு ஒரு பாதுகாப்புக் குழுவை (யாருக்கு என்ன அனுமதி என்று பிரிக்கப் பாவிக்கிற பயனர் பட்டியல்) உருவாக்கி, அதில் உள்ளவர்கள் மட்டுமே மைக்ரோசொப்ட் 365 குழு திறக்கலாம் என்று பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவி மூலம் அமைக்க வேண்டும். முழு நிறுவனத்துக்கும் அப்படி ஒரே ஒரு பாதுகாப்புக் குழுவைத்தான் குறிக்கலாம். மாற்றம் நடைமுறைக்கு வர அரை மணி நேரமோ அதற்கு மேலோ எடுக்கும். வந்த பிறகு மற்றவர்கள் டீம்ஸில் மட்டுமல்ல, அவுட்லுக், ஷெயார்பொயின்ட் வழியாகவும் புதிய குழு திறக்க முடியாது. உயர் நிர்வாகிப் பொறுப்பில் உள்ளவர்களை இது கட்டுப்படுத்தாது.

சேவைக் கணக்கை அந்தப் பாதுகாப்புக் குழுவில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் அனுமதி கிடைத்த பிறகு, குழு திறக்கிற படியில் ஓட்டம் விழும்.

இதற்கு, பயனர் கணக்குகளை நிர்வகிக்கிற மைக்ரோசொப்ட் சேவையான என்ட்ரா ஐடியின் பீ1 உரிமம் வேண்டும் என்றதும் பலர் கைவிடுகிறார்கள். எல்லா ஊழியருக்கும் வாங்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. இந்த அமைப்பைச் செய்கிற நிர்வாகிக்கும், குழு திறக்க அனுமதிக்கப்பட்ட அந்தச் சிலருக்கும் இருந்தால் போதும். வெறும் உறுப்பினராக இருப்பவர்களுக்குத் தேவையில்லை. பிஸ்னஸ் பிரீமியம் உரிமத்தில் பீ1 உள்ளடங்கியிருக்கிறது, பேசிக்கில் இல்லை.

அந்தச் சில உரிமத்துக்கும் காசில்லை என்றால்?

கதவைப் பூட்ட முடியாவிட்டால் வாசலில் உட்காருங்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் டீம்ஸ் நிர்வாக மையத்தைத் திறந்து, குழுக்களின் பட்டியலைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். உரிமையாளர் எண்ணிக்கை அங்கேயே தெரியும். புதிதாக ஒன்று முளைத்திருந்தால் திறந்தவருக்குப் போன் எடுத்து, கோபப்படாமல், படிவத்தை அவரோடு சேர்ந்தே நிரப்புங்கள். ஷெயார்பொயின்ட் நிர்வாக அமைப்பில் பயனர்கள் தளம் திறப்பதை நிறுத்தும் தெரிவும் இருக்கிறது, அதற்குத் தனி உரிமம் தேவையில்லை. பத்துப் பதினைந்து பேர் உள்ள கூட்டுறவுச் சங்கத்துக்கு இதுவே தாராளம்.

கொடையாளரின் ஆட்கள், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள் குழுவில் சேர வேண்டுமே?

சேரட்டும். ஆனால் குழு திறக்கிற அனுமதியும் வெளியாளைச் சேர்க்கிற அனுமதியும் வேறு வேறு என்று வையுங்கள். படிவத்தில் வெளியாட்கள் "இல்லை" என்று வந்த குழுவின் தளப் பகிர்வை நிறுவனத்துக்குள் மட்டும் என்று மாற்றிவிடுகிறேன். பிறகு தேவைப்பட்டால் உரிமையாளர் ஒரு வரி எழுதிக் கேட்டால் போதும்.

பயனாளிகளின் விபரமும் வெளியாட்களும் ஒரே குழுவில் வருகிற கோரிக்கைகளைப் பிரித்து இரண்டாகத் திறக்கிறோம். ஒன்று உள்ளே வேலை செய்ய, மற்றது வெளியாரோடு அறிக்கையும் படமும் பகிர. இரண்டு குழு என்பது கரைச்சல்தான். அந்தக் கரைச்சலை ஏற்றுக்கொள்ளச் சொல்லி நான் இணைப்பாளர்களோடு வாதாடியிருக்கிறேன், இனியும் வாதாடுவேன்.

வெள்ளம் வந்தால் படிவம் நிரப்பி நிற்க முடியுமா?

முடியாது. 2018 டிசெம்பரில் ஒரே இரவில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் போனதையும், இரணைமடுவின் வான் கதவுகள் திறந்ததையும் இங்குள்ள யாரும் மறக்கவில்லை. அப்படியான காலையில் அனுமதி முறையைப் பற்றி யாராவது பேசினால் அது பிழை.

அதனால் ஒவ்வொரு ஒக்டோபரிலும், மாரி மழை பிடிக்க முன், மாவட்டத்துக்கு ஒரு அனர்த்தக் குழுவைத் திறந்து வைத்துவிடுகிறோம். உரிமையாளர்கள் போட்டாயிற்று. இடம்பெயர்ந்த குடும்பங்கள், உலர் உணவு, போக்குவரத்து என்று மூன்று சனல்கள், கணக்கெடுப்புப் படிவம் உள்ளே. மழை வந்தால் ஆட்களைச் சேர்ப்பது மட்டும்தான் வேலை. வராவிட்டால் பெப்ரவரியில் மூடிவிடுவோம்.

திட்டம் முடிந்த பிறகு குழுவை அழிக்கலாமா?

அழிக்க வேண்டாம், காப்பகப்படுத்துங்கள். காப்பகப்படுத்தினால் உரையாடல்கள் வாசிக்க மட்டும் இருக்கும். ஷெயார்பொயின்ட் தளத்தையும் உறுப்பினர்களுக்கு வாசிக்க மட்டும் என்று அப்போதே தெரிவுசெய்யலாம். அழித்த குழுவை 30 நாளுக்குள் மீட்கலாம், அதற்குப் பிறகு முடியாது. கணக்காய்வு வருவது 30 நாளில் இல்லை.

தானாகக் காலாவதியாகிற கொள்கை ஒன்றும் உண்டு. 180 நாள், 365 நாள், அல்லது நீங்கள் விரும்பிய நாள் என்று வைக்கலாம், உரிமையாளருக்கு 30, 15, 1 நாள் முன்பாக அறிவித்தல் போகும். பாவனையில் உள்ள குழு தானாகவே புதுப்பிக்கப்படும். இதற்கும் பீ1 வேண்டும். எங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அமைதியாகக் கிடக்கிற முடிந்த திட்டத்தின் குழுதான் முதலில் காலாவதியாகும். கணக்காய்வாளர் கேட்பதும் அதையேதான். பதிவேட்டில் முடியும் திகதிக்கு ஒரு மாதம் முன் உரிமையாளருக்கு நினைவூட்டல் போகும்படி இன்னொரு சின்ன ஓட்டம் வைத்திருக்கிறோம், அது போதுமாக இருக்கிறது.

கூகுள் வேர்க்ஸ்பேஸ் பாவிக்கிறோம். இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். அங்கே பகிர்ந்த ட்ரைவ்தான் குழுத்தளம். நிர்வாகப் பக்கத்தில் ஊழியர்கள் புதிய பகிர்ந்த ட்ரைவ் உருவாக்குவதை நிறுத்தலாம். கூகுள் ஃபோம்ஸில் அதே கேள்விகள், ஷீட்ஸில் பதிவேடு. அனுமதித்த பின் நீங்கள் கையால் திறந்து கொடுங்கள். மாதம் மூன்று நாலு கோரிக்கை வருகிற இடத்தில் கையால் செய்வதில் ஒரு குறையும் இல்லை.

"இல்லை" என்று சொல்ல வேண்டி வந்தால்?

காரணம் எழுதாமல் நிராகரிக்க வேண்டாம் என்று அனுமதிப்பவர்களிடம் கேட்டிருக்கிறேன். நிராகரித்தவரின் குறிப்பு அப்படியே விண்ணப்பித்தவருக்குப் போகிறது. "தேவையில்லை" என்று ஒரு சொல் போனால் அந்தப் பிள்ளை அடுத்த தடவை கேட்கவே மாட்டாள், வட்ஸ்அப்புக்குப் போய்விடுவாள். "இதே வேலைக்கு வவுனியாக் குழு இருக்கிறது, அதில் ஒரு சனல் திறந்து தரச் சொல்லியிருக்கிறேன்" என்று எழுதினால் சரி.

ஏற்கெனவே திறந்து கிடக்கிற பழைய குழுக்களை என்ன செய்வது?

புதிய முறையைத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒருபோதும் நடக்காது. நிர்வாக மையத்திலிருந்து பட்டியலை எக்செலில் இறக்கி, உரிமையாளர் இல்லாதவற்றை மேலே கொண்டுவாருங்கள். எங்களிடம் அப்படி ஒன்பது இருந்தன. ஒவ்வொன்றிலும் கடைசியாக எழுதியவர் யார் என்று பார்த்து, மின்னஞ்சல் அனுப்பாமல், போன் எடுத்தேன். ஆறு பேர் உடனே "நானே பார்க்கிறன் அண்ணை" என்றார்கள். இரண்டைக் காப்பகப்படுத்தினோம். ஒன்றில் கடைசியாக எழுதியவர் ஓய்வுபெற்று முறிகண்டியில் இருக்கிறார். வீட்டுக்கே போனேன். தேத்தண்ணி தந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் மடிக்கணினியில் கோப்புறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எது கிணறு துப்புரவாக்கிய பட்டியல், எது வெறும் பிரதி என்று சொன்னார். நான் பக்கத்தில் இருந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டேன்.